வாங்க ஆள் இருக்கிறதா? ஹோய் ஆன் கிராமத்து சைக்கிள் சுற்றுலா: ஒரு நிகழ்வு ஆய்வு

மத்திய வியட்நாமில், து போன் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. முப்பது ஹெக்டேர் பரப்பில் 1,107 மரச்சட்டக் கட்டடங்கள். 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு அங்கே சேர்ந்த கூட்டத்தைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். பட்டு விளக்கு, தையல்கடை, காபி, மறுபடியும் விளக்கு. அதே ஊரின் படித்துறையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் சில நிமிடங்களில் நெல்வயல் வந்துவிடும். இந்த ஆற்றைத் தாண்டுவதைத்தான் உள்ளூர் நிறுவனங்கள் பல அரைநாள் சைக்கிள் சுற்றுலாவாக விற்கின்றன. கூட ஒரு கைடு, தலைக்கு ஒரு சைக்கிள், வழியில் நாலைந்து கைத்தொழில் வீடுகள், கடைசியில் சாப்பாடு.

அப்படி ஒரு சுற்றுலாவை எடுத்துக்கொண்டு, அது எதனால் ஓடுகிறது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஏறக்குறைய எல்லோருமே இதே தடத்தைத்தான் ஓட்டுகிறார்கள்.

கைத்தொழில் கிராமம் என்று பலகை மாட்டிய இடங்களில் பெரும்பாலும் நடப்பது நாடகம். வண்டி வந்ததும் தறி ஓடும், வண்டி கிளம்பியதும் நிற்கும். ஹோய் ஆனுக்கு எதிர்க்கரையில் உள்ள கம் கிம் தீவில் சில வீடுகளில் அப்படி இல்லை. சில வீடுகளில் அப்படியேதான். ஒரே தீவு, ஒரே கைடு, ஒரே காலைப்பொழுது, ஆனால் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் செய்கிற பொருளை அக்கம்பக்கத்து ஊர்க்காரர் இன்னும் காசு கொடுத்து வாங்குகிறாரா என்று பாருங்கள். வாங்கினால் தொழில் நடக்கிறது, நாம் அதை வேடிக்கை பார்க்கிறோம். வாங்காவிட்டால் நமக்காகத்தான் அது நடக்கிறது. கைடின் திறமை, வீட்டாரின் உபசரிப்பு, அரசாங்கப் பட்டயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பாலமும் சிமெண்ட் பாதையும்

கம் கிம் து போன் ஆற்றுக்குள் இருக்கும் தீவு. தச்சுக்குப் பேர்போன கிம் போங் கிராமம் இதில்தான் இருக்கிறது. நெடுங்காலம் ஹோய் ஆனிலிருந்து இங்கே வரப் படகை விட்டால் வழியில்லை. மோட்டார் பைக்கும் காய்கறிக் கூடையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே படகில் வந்து இறங்குவார்கள். அப்புறம் ஒரு பாலம் வந்தது, அதுவும் குறுகலாக. சைக்கிள் சுற்றுலாவுக்கு இந்தக் குறுகல்தான் பெரிய அதிர்ஷ்டம். பெரிய சுற்றுலாப் பேருந்து அதில் ஏறாது. நாற்பது பேரைக் கொண்டுவந்து ஒரு தறிக்கு முன்னால் கொட்ட வழியில்லை என்பதால், இங்கே வருகிற கூட்டம் ஒரு கைடு கண்பார்வைக்குள் அடங்குகிற அளவிலேயே இருக்கிறது.

பாலத்துக்கு இணையான இன்னொரு காரணத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை: வயலுக்கு நடுவே ஓடும் சிமெண்ட் பாதைகள். வியட்நாம் அரசு 2010இல் தொடங்கிய புதிய கிராமத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க இப்படிப் பாதைகள் போட்டார்கள். பல இடங்களில் அரசு சிமெண்ட் கொடுக்கும், ஊர் உழைப்பையும் நிலத்தையும் கொடுக்கும். நெல் மூட்டை வீடு சேர வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை, மழை விட்ட மறுநாளே சைக்கிள் ஓட்டத் தோதானதாகவும் ஆகிவிட்டது. சேற்றுப் பாதையாக இருந்திருந்தால் இந்தத் தொழில் வருஷத்தில் பாதி நாள் படுத்திருக்கும்.

நான் போனது ஏப்ரல் மாதம், குளிர்கால நெல்லை அறுக்கும் நேரம். பாதையில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். கைடு முன்னால் போய்க்கொண்டே இடது கையைத் தாழ்த்திக் காட்டுவார். நெல்லின் மேல் ஏற்றாதே, ஓரமாய் வா என்று அர்த்தம். அறுவடை நாட்களில் இந்த ஒழுங்கு இல்லாமல் போயிருந்தால் ஊர்க்காரர் எப்போதோ பாதையை மறித்திருப்பார்கள். வயலுக்கு நடுவில் கல்லறைகளும் தென்படும். சொந்த நிலத்திலேயே முன்னோரைப் புதைக்கும் வழக்கம் இங்கே உண்டு. படம் எடுக்க நிற்கலாமா என்று ஒருவர் கேட்டபோது, "நில்லுங்கள், மேலே மட்டும் சாயாதீர்கள்" என்றார் கைடு.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரை சமமானது, மேடே கிடையாது. ஹோய் ஆன் ஓட்டல்கள் இலவசமாகத் தரும் கூடை வைத்த வண்டியே போதும். நிறுவனங்கள் கியர் வண்டி தருவது, பிரேக் சரியாக இருக்கும் என்பதற்காகத்தான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வெயில் கொளுத்தும். அப்போது காலை ஏழு மணிக்கே கிளம்புகிற நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தச்சுப் பட்டறை

முதல் நிறுத்தம் பெரும்பாலும் கிம் போங் தச்சர் வீடு. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் வடக்கே இருக்கும் தான் ஹோவா, ங்கே ஆன் மாகாணங்களிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் என்று ஊர் வரலாறு சொல்கிறது. ஹோய் ஆன் வீடுகளின் சட்டங்களில் இவர்கள் கைபட்டது ஏராளம். 1802இல் ங்குயென் அரசர்கள் ஹுவேயைத் தலைநகராக்கியபோது அங்கே அரண்மனை வேலைக்கும் இங்கிருந்து தச்சர்கள் போனார்கள். ஆற்றோரம் படகு கட்டும் தொழிலும் இருந்தது. பழைய வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே இரண்டு வட்டக் கட்டைகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம், செவ்வந்திப்பூ செதுக்கியோ சிவப்புத் துணி சுற்றியோ. வீட்டின் கண்கள் என்பார்கள். படகின் முகப்பிலும் இதே கண் உண்டு. வீட்டையும் படகையும் ஒரே ஊர்த் தச்சர்கள் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

நாங்கள் உள்ளே போனபோது பட்டறையில் இருவர் ஒரு பூசை மேடையின் காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள், தலையசைத்தார்கள், மறுபடி உளியை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். அந்த மேடையை யாரோ ஒருவர் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்திருக்கிறார், டெட் புத்தாண்டுக்கு முன்னால் வேண்டும் என்று. நாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது முடிந்தாக வேண்டும். மரம் பலா. முன்னோர் மேடைக்கும் புத்தர் சிலைக்கும் பலாதான் விசேஷம். வீட்டுத் தோட்டத்திலேயே வளர்வதால் கிடைப்பதும் எளிது. மத்திய மலைநாட்டு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு 2016இல் நிறுத்திய பிறகு, தோட்டத்து மரத்துக்கு மதிப்பு கூடியதில் ஆச்சரியமில்லை.

எதிர்க்கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரவீடுகள் இருக்க, அவற்றைக் கரையானும் வெள்ளமும் மாறி மாறித் தின்றுகொண்டிருக்க, இவர்களுக்கு வேலை தீராது. ஜப்பானியப் பாலம் என்று அழைக்கப்படும் மூடுபாலத்தை மட்டுமே 2022 கடைசியில் பிரித்து வேலை தொடங்கி 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். திறந்ததும், புதுசு போல மினுக்குகிறதே என்று ஊரெல்லாம் சண்டை. அது வேறு கதை. பழையதைப் பழையதாகவே வைத்திருக்க ஒரு சட்டம், அதற்குக் கை தெரிந்த ஆள் தேவை, ஆள் ஆற்றுக்கு அந்தப்பக்கம். சுற்றுலா இந்தத் தொழிலைக் காப்பாற்றியது என்றால், சைக்கிளில் வருகிறவர் வாங்கும் சின்னஞ்சிறு ஆமை பொம்மையால் அல்ல. பாரம்பரியப் பட்டியல் கொண்டுவந்த பழுதுபார்ப்பு வேலையால்தான்.

பாய் நெசவு

இந்த ஆய்வின் இடறலான பகுதி இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கோரையை வெட்டி, நீளவாக்கில் கிழித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். கொதிக்கும் சாயத்தில் முக்கி மறுபடி காயவைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. தறி தரையோடு தரையாகக் கிடக்கிறது. பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், சணல். நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் பாவின் மேல் குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்து கனமான அச்சுக்கட்டையைப் பிடிக்கிறார். இன்னொருவர் ஓரத்தில் உட்கார்ந்து, நீள மூங்கில் குச்சியின் நுனியில் கோரையை மடித்துச் சுற்றிப் பாவுக்கு ஊடே செலுத்துகிறார். அச்சை முன்னால் சாய்த்தால் ஒரு வரிசை நூல் மேலே வரும், பின்னால் சாய்த்தால் அடுத்த வரிசை. குச்சி போகும், திரும்பும், அச்சு இறங்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கோரை நுனியைக் கட்டைவிரல் மடித்துச் செருகும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. அடிக்கும் சத்தத்தை வைத்தே குச்சி கிளம்புகிறது.

அப்புறம் கைடு, "யார் உட்காருகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களோடு வந்த ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி பலகையில் ஏறி உட்கார்ந்து அச்சைப் பிடித்தார். நாலைந்து வரிசை அடித்தார். எல்லோரும் கை தட்டினோம், படம் எடுத்தோம். அடுத்து இன்னொருவர். பிறகு தேநீருக்கு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்தங்கியதால் ஒன்றைப் பார்த்தேன். அந்த வீட்டம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், விருந்தினர் அடித்த வரிசைகளை விரல் நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார். தளர்வாக விழுந்த வரிசை பாயில் இருந்தால் அந்த இடம் சீக்கிரம் பிய்ந்துவிடும். உருவிய கோரையைத் தூக்கிப் போடவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஆகும் என்று பக்கத்தில் அடுக்கினார்.

கைடிடம் கேட்டு அவரிடம் பேசினேன். இந்தப் பாய் எப்போது முடியும் என்றதற்குச் சிரித்தார். முடிக்க அவசரமில்லையாம். முடிந்தால் புதுப் பாவு போட வேண்டும், அது ஒரு நாள் வேலை. விற்பது எப்போதாவதுதான். வருகிறவர்கள் முழுப் பாயைச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போகவா முடியும்?

ஒரு காலத்தில் டெட் வருவதற்கு முன் வீட்டுக்குப் புதுப் பாய் வாங்குவது இந்தப் பகுதியில் கட்டாயம். கல்யாணக் கட்டிலுக்கும் புதுப் பாய்தான். ஆற்றின் மறுபக்கக் கிளையைத் தாண்டினால் பான் தாக் என்ற ஊர் பாய்க்கே பேர்போனது. இப்போது மெத்தை வந்துவிட்டது, பிளாஸ்டிக் பாய் வந்துவிட்டது, கோரையிலேயே நெய்யும் இயந்திரத் தறியும் வந்துவிட்டது. கைத்தறிப் பாய்க்கு ஊரில் கேட்பாரில்லை. ஆக, இந்த வீட்டின் உண்மையான வருமானம் பாயில் இல்லை. கைடு கிளம்பும்போது தேநீர்த் தட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போகும் நோட்டில் இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல், வீட்டைவிட்டுப் போகாமல், தெரிந்த வேலையைக் காட்டிக் காசு பெறுவது வயலில் குனிவதைவிட மேல். ஆனால் இதற்குப் பெயர் பாய்த் தொழில் இல்லை, பாய் நெசவு விளக்கம். சுற்றுலா விளம்பரம் மட்டும் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்கிறது. அந்த அம்மாவின் மகள் பக்கத்துப் பெருநகரமான டா நாங்கில் ஓட்டல் வேலை பார்க்கிறார். விளக்கம் காட்டுவதற்கென்று ஒரு இளம்பெண் இந்தக் கலையைக் கற்றுக்கொள்வாரா என்று கேட்டால் கைடே உதட்டைப் பிதுக்குகிறார்.

சாராயமும் பன்றியும்

பாய் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அரிசிச் சாராயம் காய்ச்சும் வீடு. இங்கே கதை நேர்மாறு.

சோறு வடித்து ஆறவைத்து, ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, பானையில் மூடி வைக்கிறார்கள். சில நாளில் இனிக்க ஆரம்பிக்கும், அப்போது தண்ணீர் ஊற்றி மறுபடி ஊறவிடுகிறார்கள். ஊறல் பக்குவமானதும் அடுப்பில் ஏற்றுகிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. முதலில் சொட்டுவது நெருப்பு, போகப் போக இளகும், கடைசியில் எல்லாவற்றையும் கலந்து ஒரு அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். விறகு எரியும் வாசமும் புளித்த சோற்று வாசமும் சேர்ந்து சந்து முனையிலேயே வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் அங்கே இருந்தபோதே பைக்கில் ஒருவர் வந்து, பிளாஸ்டிக் கேனை நீட்டி, நிரப்பிக்கொண்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் போனார். அடுத்த நாள் அவர் வீட்டில் திதி. இந்தப் பக்கம் திதி என்றால் உறவும் அண்டை வீடும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சாராயம் இல்லாமல் நடக்காது. வாடிக்கை என்றால் இதுதான்.

ஆனால் வீட்டுக்காரம்மா சொன்ன கணக்குதான் சுவாரசியம். சாராயத்தில் அரிசிக்கும் விறகுக்கும் போட்ட காசு வந்தால் போதும், லாபம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது என்றார். கொல்லைப்புறத்தில் பன்றிகள். காய்ச்சி முடிந்த ஊறல் சக்கையைத் தவிட்டோடு கலந்து போட்டால் பன்றி கொழுக்கும். வியட்நாமியக் கிராமங்களில் சாராய அடுப்பும் பன்றிக்கொட்டிலும் பழைய ஜோடி. 2019இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவி அந்த ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 60 லட்சம் பன்றிகளை அழித்தார்கள். கொட்டில் காலியானால் சக்கைக்கு வேலையில்லை, சக்கைக்கு வேலையில்லை என்றால் அடுப்பு எரிவதில் லாபமில்லை. கைடுகள் குழாயையும் தொட்டியையும் விரிவாகக் காட்டிவிட்டு, பன்றி வாசம் விருந்தினருக்குப் பிடிக்காது என்று கொல்லைப்புறத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். இந்த வீட்டின் பொருளாதாரமே அங்கேதான் கட்டியிருக்கிறது!

இங்கே சுற்றுலா நடத்துபவருக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2020 ஜனவரி முதல் வியட்நாமில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அபராதம் கடுமை. பலருக்குத் தெரியாத விஷயம், அது சைக்கிளுக்கும் பொருந்தும். அளவைப் பொறுத்து ஆறு லட்சம் டோங் வரை போகும், நம் காசில் ஏறக்குறைய 2,000 ரூபாய். சைக்கிளில் ஆளைக் கூட்டிவந்து சாராயம் ருசிக்கக் கொடுப்பது என்றால் கைடு யோசிக்க வேண்டும். நான் போன சுற்றுலாவில் இதைக் கடைசிக்கு முந்தைய நிறுத்தமாக வைத்து, அதற்கு அப்புறம் சாப்பாடு, அதற்கு அப்புறம் படகில் திரும்புதல் என்று அடுக்கியிருந்தார்கள். சைக்கிள்களையும் படகிலேயே ஏற்றிவிட்டார்கள். படகுப் பயணத்தை அழகான அஸ்தமனம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களைவிட, இந்தக் காரணத்துக்காகப் படகை வைத்த நிறுவனம் கெட்டிக்காரத்தனமானது. குடிக்காதவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

நூடுல்ஸ் வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: அரைத்த மாவைக் கொதிக்கும் பானை வாயில் கட்டிய துணிமேல் ஆப்பக் கரண்டி போன்ற ஒன்றால் பரப்பி, மூடி, மூங்கில் தப்பையால் உரித்து எடுத்து, கடலை எண்ணெய் தடவி அடுக்கி, நறுக்குகிறார்கள். மீ குவாங் என்ற உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு இதுதான் அடிப்படை. விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விடும் என்பதால் நாம் போகும்போது பார்ப்பது இரண்டாவது சுற்று. விருந்தினர் கிழித்துவிட்டதை வீட்டார் தாங்களே சாப்பிட்டுவிடுகிறார்கள், நஷ்டமில்லை. தொழிலும் விளக்கமும் சண்டையில்லாமல் ஒன்றாக நடக்கும் இடம் இந்தத் தடத்தில் இதுதான்.

பக்கத்துத் தடங்கள்

ஹோய் ஆனின் வடக்கே ட்ரா குவே கீரைக் கிராமம் இருக்கிறது. சைக்கிள் சுற்றுலாவின் இன்னொரு பிரபலமான தடம். ஏரியிலிருந்து எடுக்கும் பாசியைப் பாத்தியில் புதைத்து உரமாக்குகிறார்கள். புதினா, துளசி வகைகள், வாசனைக் கீரைகள். ஹோய் ஆனில் எந்த நூடுல்ஸ் கிண்ணத்தின் மேலும் இந்தக் கீரை இருக்கும். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. விருந்தினருக்குக் காப்பிக்கலர் சட்டை மாட்டி, தோளில் இரட்டைப் பூவாளி தூக்கவைத்துப் படம் எடுக்கும் கூத்து அங்கே உண்டு. ஆனால் படம் எடுத்துவிட்டுப் போன பின்னாலும் யாரோ ஒருவர் கீரை வாங்க வருகிறார். அதனால் கூத்து கீரையைத் தின்றுவிடவில்லை. பாத்திகளுக்கு நடுவே முளைக்கும் விடுதிகளும் உணவகங்களும்தான் அங்கே கவலை. நிலத்தின் விலையோடு கீரை எத்தனை நாள் போட்டிபோடும்?

தான் ஹா மண்பாண்டக் கிராமம் வேறு மாதிரி. ஒரு பெண் காலால் சக்கரத்தைத் தள்ள, இன்னொருவர் குனிந்து பாண்டத்தை வனைவார். பார்க்க அருமை. ஆனால் சட்டி பானை வாங்க ஊரில் ஆளில்லாமல் போனபோது, அவர்கள் விசில் பொம்மைக்கும் விளக்குக்கும் மாறிவிட்டார்கள். மாறியதால் பிழைத்தார்கள். இப்போது அது முழுக்கச் சுற்றுலாவை நம்பிய தொழில். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

கம் தான் என்ற ஊருக்குப் பக்கத்து நீர்த்தென்னைக் காட்டில் வட்டக் கூடைப்படகு. மூங்கிலைப் பின்னி, சாணமும் மரப்பிசினும் பூசி நீர் புகாமல் ஆக்கிய மீனவர் படகு அது. பிரெஞ்சுக்காரர் படகுக்கு வரி போட்டபோது, இது படகில்லை கூடை என்று சொல்லித் தப்பவே வட்டமாகச் செய்தார்கள் என்று கைடுகள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். இன்று அங்கே நடப்பது ஒலிபெருக்கியில் பாட்டு, படகைப் பம்பரமாகச் சுற்றுவது, டிப்ஸ். பல சைக்கிள் சுற்றுலாக்கள் இதைக் கடைசியில் சேர்த்துவிடுகின்றன. கம் கிம்மின் அமைதியை அனுபவித்துவிட்டு அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்கு அதுதான் அன்றைய நாளின் உச்சம்.

கைடும் காசும்

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வியட்நாம் சுற்றுலாச் சட்டப்படி கைடு அட்டை மூன்று வகை: சர்வதேசம், உள்நாடு, குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும். வெளிநாட்டவரைத் தடம் முழுக்கக் கூட்டிப்போக முதல் வகை அட்டை வேண்டும். அதற்குப் படிப்பும் மொழித் தகுதியும் தேவை. இதன் விளைவு, கம் கிம்மில் பிறந்து வளர்ந்து ஒவ்வொரு வீட்டையும் தெரிந்த ஒருவர், பட்டம் இல்லாததால் அந்த வேலைக்கு வர முடிவதில்லை. டா நாங்கில் படித்தவர் வருகிறார். மூன்றாவது வகை அட்டை உள்ளூர்க்காரருக்கென்றே இருக்கிறது, ஆனால் பல கிராமங்களைக் கடந்து போகிற சைக்கிள் தடத்துக்கு அது ஒத்துவராது.

எங்கள் கைடு அந்தத் தீவில் பெண் எடுத்தவர். அதனால் வீட்டு வாசலில் அவருக்குக் கிடைத்த வரவேற்பே வேறு. சின்னம்மா, பெரியம்மா என்று முறை சொல்லித்தான் கூப்பிட்டார். நிறுவனம் இதை ஒரு தகுதியாகக் கணக்கில் எடுத்து ஆளைப் பிடித்ததா, தற்செயலா, தெரியவில்லை. ஆனால் கூட வருகிறவர்களுக்கு இதனால் கிடைக்கிற பலன் பெரிது. நாம் கேட்கிற கேள்விக்கு மனப்பாடப் பதில் வருவதில்லை, அவர் திரும்பி உண்மையாகவே கேட்டுச் சொல்கிறார்.

காசு வீட்டாருக்கு மூன்று வழியில் போகிறது. கைடு கொடுக்கும் வருகைத் தொகை, விருந்தினர் வாங்கும் பொருள், விருந்தினர் தாமாகக் கொடுப்பது. மூன்றாவதை நிறுவனம் தடுக்கிறது. சரியான முடிவு, இல்லையென்றால் வீடுகளுக்குள் பொறாமை கிளம்பும். இரண்டாவதில் தச்சர் தவிர மற்றவருக்கு அதிகம் தேறுவதில்லை. ஆக முதலாவதுதான் ஆதாரம். அதன் அளவை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. வீட்டார் சேர்ந்து பேசிக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு வீடு கூடுதலாகக் கேட்டால் கைடு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆள் வராத காலம்

மேலே சொன்னதற்கு ஒரு சோதனை தானாகவே நடந்தது. 2020 மார்ச்சில் வியட்நாம் வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது, சுற்றுலாவை முழுமையாகத் திறந்தது 2022 மார்ச் 15இல். அந்த இரண்டு வருஷம் சைக்கிள் சுற்றுலா என்ற பேச்சே இல்லை. சாராய வீட்டில் கேட்டேன்: திதி நிற்கவில்லை, பைக் கேன்கள் நிற்கவில்லை, கல்யாணக் கூட்டம் தடைப்பட்ட மாதங்களில் மட்டும் குறைந்தது. நூடுல்ஸ் வீடு சந்தை திறந்த நாளெல்லாம் ஓடியது. தச்சருக்கு ஓட்டல் வேலை நின்றது, பூசை மேடை நிற்கவில்லை. பாய் வீட்டில்? தறியைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, அந்த அம்மா வயல் கூலிக்குப் போனார்.

வெள்ளம் இன்னொரு கணக்கு. து போன் ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் ஏறும். 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகு ஓட்டுகிற அளவுக்கு ஏறியது. நிறுவனங்கள் அந்த மாதங்களில் முன்பதிவை ரத்து செய்து காசைத் திருப்பிவிடுகின்றன. வீட்டாருக்கு அன்றைய தொகை அவ்வளவுதான். மழைக்காலத்துக்கென்று ஒரு குறைந்தபட்சத் தொகை பேசிவைக்கலாமே என்று கேட்டபோது, நல்ல யோசனை என்றார்கள். நல்ல யோசனை என்று சொல்வது வியட்நாமிலும் பேச்சை முடிக்கிற வழிதான்.

என்னிடம் விட்டால்

நூடுல்ஸ், தச்சு, சாராயம் மூன்றையும் தொடமாட்டேன். சாராய வீட்டில் கொல்லைப்புறத்தையும் சேர்ப்பேன். வேண்டாதவர் முற்றத்தில் தேநீர் குடிக்கட்டும்.

பாய் வீட்டை நீக்கக் கூடாது, ஆனால் பெயரை மாற்ற வேண்டும். இது கைத்தறிப் பாய் எப்படி நெய்தார்கள் என்பதற்கான அரைமணிப் பாடம், இந்த அம்மா ஆசிரியர், அதற்கான கட்டணம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பாடம் என்று ஆகிவிட்டால் தொகையும் ஏறும், விருந்தினரும் படத்துக்குப் பதில் கையைப் பார்ப்பார்கள். விருந்தினருக்கென்று தனியாக ஒரு சின்னத் தறி போட்டுக் கொடுத்தால், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கிற அளவில் ஒரு துண்டு அவர்களே நெய்து சைக்கிள் கூடையில் எடுத்துப் போகலாம். பெரிய தறியில் அந்த அம்மா வரிசையை உருவ வேண்டியிருக்காது. ஹோய் ஆன் 2023இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் கைவினைப் பிரிவில் சேர்ந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஓட்டல்களிடம் இப்படிப்பட்ட விரிப்புகளுக்கு மொத்த ஆர்டர் கேட்பது நகர நிர்வாகத்தின் வேலை. 2025 ஜூலையில், ஹோய் ஆன் இருந்த குவாங் நாம் மாகாணம் டா நாங்கோடு இணைந்துவிட்டதால், அந்த நிர்வாகம் இப்போது டா நாங்கில் உட்கார்ந்திருக்கிறது, பெரிய ஓட்டல்களும் அங்கேதான்.

இந்தியாவிலிருந்து வியட்நாம் போகிறவர்கள் 2024இல் ஐந்து லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். டா நாங் வரை போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் ஹோய் ஆனுக்கு மாலை விளக்கு பார்க்க மட்டும் வந்து திரும்புகிறார்கள். ஒரு இரவு தங்கி காலையில் ஆற்றைத் தாண்டுவதானால், முன்பதிவு செய்வதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூட்டத்தில் எத்தனை பேர், கூடைப்படகு உண்டா. பத்துக்குக் கீழே என்றும் இல்லை என்றும் பதில் வந்தால் பணம் கட்டலாம். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், மீன் சாறு சேராத குழம்பு வைக்க நூடுல்ஸ் வீட்டுக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.